அழகுராஜா வாங்கித் தந்த கிட்டார்

தாயில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பாட்டுக் கச்சேரிக்கு ஆள் பிடிப்பது பெரிய காரியமல்ல. பாடுகிறவன் தெருவுக்கு ஒருத்தன் இருப்பான். ரிதம் பேடு தட்டுகிறவன், தபேலாக்காரன், கீபோர்டு பழகியவன் எல்லாரும் ஒரு போன் போட்டால் வந்து நிற்பார்கள். பேஸ் கிட்டாருக்கு மட்டும் முத்துக்கருப்பனை விட்டால் வேறு ஆள் கிடையாது. அந்த வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. மேடையின் பின்வரிசையில், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நிற்க வேண்டும். பாட்டு முழுக்க வாசித்தாலும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு சத்தம் இருப்பதே தெரியாது. நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

முத்துக்கருப்பனுக்கு அது பிடித்திருந்தது. பகலில் அவன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து சுமக்கிறவன். கலவை ரூமில் எடை போட்ட மருந்தை வாளியில் எடுத்துக்கொண்டு, ரூம் ரூமாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். வெறுங்காலோடு, ஆட்டாமல் அசைக்காமல், அவசரப்படாமல் நடக்க வேண்டும். அலுமினியப் பவுடர் ஏறி ஏறி அவன் விரல் இடுக்கெல்லாம் வெள்ளி பூசினாற்போல் இருக்கும். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்த விரல்களோடுதான் கச்சேரிக்குப் போவான்.

கம்பெனி லைசென்சு பெத்தணன் பெயரில் இருந்தது. ஒருகாலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த அவருடைய கரிசல் காட்டில் இப்போது ஷெட்டுகள் நின்றன. முத்துக்கருப்பனின் அப்பா அதே காட்டில் களை வெட்டியவர். கம்பெனியை நடத்துவது பெத்தணனின் மகன் அழகுராஜா. வைப்பாறு இன்னிசைக் குழுவை நடத்துவதும் அவர்தான். கீபோர்டு அவருடையது, ஸ்பீக்கர் அவருடையது, முத்துக்கருப்பன் வாசிக்கிற பேஸ் கிட்டாரும் அவருடையது. அதனால் முத்துக்கருப்பன் அவரைப் பகலில் முதலாளி என்றும் பொழுது சாய்ந்தபின் மாஸ்டர் என்றும் கூப்பிட்டுப் பழகியிருந்தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அவனுக்கு அதிகம் உறைத்ததில்லை. அழகுராஜா நல்ல மனுஷன். ஒத்திகையில் அவன் வாசிப்பது பிடித்துப்போனால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்பார்.

அந்தப் பழைய கிட்டார் ஒரு சர்ச்சில் கழித்துவிட்டதை வாங்கியது. வெயிலில் கழுத்து வளைந்து, கம்பிகள் மேலே தூக்கி நின்றன. அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப் போயிருந்தது. கோயில் பொங்கல் மேடையில் ஜெனரேட்டரைப் போட்டதும் வண்டு நுழைந்ததுபோல ஓர் இரைச்சல் எழும். அதை மறைக்க எந்நேரமும் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் குறையையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் பாண்டி. முத்துக்கருப்பனின் மனைவி பானுப்பிரியாவுக்குத் தம்பி. அதே கம்பெனியில், வானத்தில் போய் வெடிக்கிற பேன்சி ரகத்துக்குக் குழாயில் மருந்து அடைக்கிற வேலை. அப்பா அம்மா இல்லாததால் அக்கா வீட்டோடு இருந்தான். அவனுக்கு ஒரு பாட்டும் பாட வராது. ஆனால் போனில் கிட்டார் தேடுவான். எந்தக் கிட்டாரின் கழுத்து மெலிசு, எந்தப் பெடலை மிதித்தால் என்ன சத்தம் வரும் என்று மச்சானுக்குக் காட்டிக்கொண்டே இருப்பான். பழைய பாட்டுக்கு ஒரு சத்தம் வேண்டும், இப்போது வருகிற குத்துப்பாட்டுக்கு வேறு சத்தம் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே கிட்டாரை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிற மச்சானுக்கு ஐந்து கம்பிக் கிட்டார் ஒன்று வேண்டும் என்பது அவனுடைய தீர்மானம்.

மாசி மாதக் கடைசியில் ஒரு காலையில் இருவரும் ஒரே பைக்கில் வேலைக்குப் போனார்கள். வடக்கே இருந்து கல்யாண சீசன் ஆர்டர் வந்திருந்தது. லோடு ஏற்ற வேண்டிய நாள் நெருங்கிவிட்டதால் போர்மேன் சீனிச்சாமி எல்லா ரூமிலும் ஆளை நெருக்கி உட்கார வைத்திருந்தார். கம்பெனி கேட்டுக்கு வெளியே பாண்டி போனை எடுத்து, ஐந்து கம்பிக் கிட்டாரில் ஒருவன் வாசிக்கிற வீடியோவைக் காட்டினான். வெயில் பட்டுப் படம் தெரியவில்லை. சாயங்காலம் பார்ப்போம் என்று முத்துக்கருப்பன் சொன்னான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பாண்டி அதை அணைத்து, வாச்மேன் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

பத்து மணி டீக்கு முன்னால் பாண்டி இருந்த ரூம் வெடித்துப் போய்விட்டது. முத்துக்கருப்பன் அப்போதுதான் அங்கே வாளியை வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பி நடந்துகொண்டிருந்தான். ரூம்களுக்கு நடுவே போட்டிருந்த மண் மேடு தடுத்ததால் அவன் பிழைத்தான். உள்ளே இருந்தவர்களில் மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள். அதில் ஒருத்தி அவன் தெருவைச் சேர்ந்த வள்ளித்தாய். பாண்டி கதவோரம் உட்கார்ந்திருந்ததால் வெளியே வந்து விழுந்தான். முகம் தப்பியிருந்தது. இரண்டு கைகளும் நெஞ்சும் வெந்துபோயிருந்தன.

முதலில் மதுரையில் தர்மாஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். மறுநாள் அழகுராஜாவே வந்து, தீக்காயத்துக்குப் பேர்போன ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார். பானுப்பிரியா அவர் காலில் விழப்போனாள். அவர் விலகிக்கொண்டார்.

கம்பெனி அடைத்துக் கிடந்தது. சீனிச்சாமியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தது. பெத்தணன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியது. வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் வற்றி, கரையோரம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அப்படி ஒரு நாளில் அழகுராஜா காரை எடுத்துக்கொண்டு முத்துக்கருப்பன் வீட்டு வாசலுக்கு வந்தார். பாண்டியைப் பார்க்கப் போவதாகவும், அப்படியே மதுரையில் புது பேஸ் கிட்டார் ஒன்று எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். கோயில் பொங்கல் கச்சேரிக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டதாம். சாவு விழுந்த ஊரில் இதென்ன என்று முத்துக்கருப்பனுக்குத் தோன்றியது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற காரில் ஏறாமல் இருக்க முடியவில்லை.

சாத்தூர் தாண்டுமுன் காரை ஓரங்கட்டி அழகுராஜா வெள்ளரிக்காய் வாங்கினார். உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய காயை ஆளுக்கொன்றாகக் கையில் வைத்துக்கொண்டு கார் நிழலில் நின்றார்கள். அழகுராஜா கடிக்கவில்லை.

"முத்து, நான் சுத்தி வளைக்கல. அடுத்த வாரம் ஒனக்கு விசாரண வரும். பாண்டி போன உள்ள வச்சிருந்தான்னு வாச்மேன் சொல்லிட்டாரு. நீயும் அதச் சொல்லிரு. அம்புட்டுத்தான்."

முத்துக்கருப்பன் ரோட்டைப் பார்த்தான்.

"அவன் பெட்டியில போட்டத நான் பாத்தேன் மொதலாளி."

"தெரியும்லே. அதனாலதான ஒன்ட்ட வந்து நிக்கேன்." அழகுராஜாவின் குரல் இறங்கியது. "அப்பாவுக்கு எளுவது தாண்டிருச்சு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச ஆளு. உள்ள போனா பொணமாத்தான் வருவாரு. பாண்டிக்கு ஒரு கேசும் வராம நான் பாத்துக்கிறேன். அவன் கை நேராகுற வரைக்கும் ஆஸ்பத்திரி என் பொறுப்பு. என் பிள்ளைக மேல சத்தியம்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது முத்துக்கருப்பனுக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. மிரட்டியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவன் காரில் ஏறினான். 

கடை மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. தருண்குமார் என்கிற பையன்தான் எடுத்துக் கொடுத்தான். அவனும் ஏதோ ஒரு குழுவில் பேஸ் வாசிக்கிறவன் என்பது கட்டைவிரலின் காய்ப்பைப் பார்த்ததும் தெரிந்தது. எந்த மாதிரிப் பாட்டு வாசிப்பீர்கள் என்று கேட்டான். எல்லாப் பாட்டும்தான் என்று முத்துக்கருப்பன் சொன்னான். சாமி பாட்டில் ஆரம்பித்து, எண்பதுகளின் காதல் பாட்டு, நடுவில் இளவட்டங்கள் கேட்கிற குத்து, கடைசியில் மங்களம். தருண்குமார் சிரித்து, தனக்கும் அதே கதைதான் என்றான்.

முதலில் நான்கு கம்பிக் கிட்டார் ஒன்றைக் கொடுத்தான். கழுத்து பாம்புபோல மெலிசாக, கை தானாக ஓடியது. ஆனால் வாசிப்பதை நிறுத்தினால் லேசாக ஒரு முனகல் கேட்டது. இங்கேயே முனகினால் ஜெனரேட்டர் மேடையில் என்ன கத்து கத்தும் என்று முத்துக்கருப்பன் யோசித்தான். தருண்குமார் அதைச் சுவரில் மாட்டிவிட்டு இன்னொன்றை எடுத்தான். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற அதன் பிக்கப் இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும், இரைச்சலைத் தானே தின்றுவிடும் என்றான். உண்மைதான். கம்பியில் கை வைக்காதபோது அறை நிசப்தமாக இருந்தது. பழைய பாட்டுக்கு அதன் சத்தம் வெண்ணெய்போல உருண்டு வந்தது. கழுத்து மட்டும் கொஞ்சம் தடிமன். இதுவே போதும் என்று சொல்ல வாயெடுத்தான்.

அப்போதுதான் மூலையில் அதைப் பார்த்தான். மரநிறம், ஐந்து கம்பி. பாண்டி பலமுறை போனில் காட்டிய அதே கிட்டார்.

தருண்குமார் அவன் கண் போன இடத்தைப் பார்த்து, அதை இறக்கிக் கொடுத்தான். பேட்டரி போட்டது, கனம் அதிகம், கழுத்து அகலம், நான்கு கம்பி பழகிய கைக்கு முதலில் தடுமாறும் என்று உள்ளதைச் சொன்னான். ஒரு கச்சேரியில் மூன்று நான்கு பாட்டுக்குத்தான் அந்த அடிக்கம்பி தேவைப்படும், அதற்கு ஆக்டேவ் பெடல் ஒன்றே போதும், மிதித்தால் அதே சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் கொடுக்கும் என்றான். முத்துக்கருப்பன் தலையாட்டிக்கொண்டே அந்த ஐந்தாவது கம்பியைத் தட்டினான். சத்தம் காதுக்கு வருமுன் தரை வழியாகப் பாதத்துக்கு வந்தது. எதிரே கண்ணாடி அலமாரி லேசாக அதிர்ந்தது. அழகுராஜா பக்கத்தில் இருந்த கீபோர்டில் போய் உட்கார்ந்தார். ஒத்திகையில் எடுக்கிற ஒரு மெட்டை அவர் பிடிக்க, இவன் அடியில் சேர்ந்துகொண்டான். பாட்டு முடிந்ததும் அவர் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார்.

பிறகு பெடல்கள். பகலெல்லாம் சுமந்துவிட்டு வந்து வாசித்தால் விரல் ஒரே சீராக அடிக்காது, ஓரடி பலமாகவும் ஓரடி சோர்ந்தும் விழும் என்று முத்துக்கருப்பன் சொன்னபோது, தருண்குமார் கம்ப்ரஸர் ஒன்றை மாட்டினான். சோர்ந்த அடியும் நிமிர்ந்து வந்தது. ஒலியைக் கிழிக்கிற டிரைவ் பெடலும் வாய் திறந்து மூடுவதுபோல வாவ் வாவ் என்கிற பெடலும் வேடிக்கையாக இருந்தன. ஆனால் கோயில் மேடையில் மூன்றாவது பாட்டுக்குள் அலுத்துவிடும். வேண்டாம் என்று ஒதுக்கினான். மிக்சருக்கு நேராகக் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி, ஜெனரேட்டர் இரைச்சலை ஒரு சுவிட்சில் அறுத்துவிடுவது, அது வேண்டும். கம்ப்ரஸர் வேண்டும். தருண்குமார் மறுபடியும் அந்த நான்கு கம்பிக் கிட்டாரையும் ஆக்டேவ் பெடலையும் காட்டி, இதுவா அதுவா என்று கேட்டான்.

"அந்த அஞ்சு கம்பிதான்" என்றான் முத்துக்கருப்பன்.

படியிறங்கும்போது பை தோளில் அழுத்தியது. ரோட்டு வெயில் முகத்தில் அடித்தபோதுதான், மாடியில் இருந்த நேரம் முழுக்கப் பாண்டியின் நினைப்பே தனக்கு வரவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. அந்தக் கிட்டாரைப் பார்த்தபோதுகூட அது பாண்டி காட்டியது என்றுதான் தோன்றியதே தவிர, பாண்டி எங்கே கிடக்கிறான் என்று தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி அறை குளிர்ந்திருந்தது. பாண்டி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் துணிப் பொட்டலம்போலத் தலையணை மேல் கிடந்தன. அழகுராஜா டாக்டரைப் பார்க்கப் போனார். பாண்டி மச்சானின் தோளைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அஞ்சு கம்பியா மச்சான்?"

ஆமாம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. கழுத்து எப்படி, கனம் எப்படி, பெடல் என்ன எடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ஆக்டேவ் எடுக்காமல் விட்டதற்கு வருத்தப்பட்டான். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மாஸ்டர் எங்கிட்டயும் சொன்னாரு. நான் சரின்னுட்டேன். நீகளும் சொல்லிருங்க மச்சான்."

"நீ வைக்கலயேடா."

"வைக்கலதான். அதச் சொல்லி என்ன ஆகப்போகுது? மொதல்ல போட்டிருந்தாகளே, அந்த வார்டுல எனக்கு ரெண்டு பக்கத்துக் கட்டிலும் விடியுமுன்ன காலியாயிருச்சு. திரும்ப அங்கன கொண்டுபோய்ப் போட்ராதீக. எனக்குப் பயமா இருக்கு."

கண்ணீர் வழிந்தபோது அவனால் துடைக்க முடியவில்லை. முத்துக்கருப்பன் தன் துண்டால் துடைத்தான்.

வீட்டுக்கு வந்தபோது பானுப்பிரியா கத்திரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி அடைத்ததிலிருந்து அவள் வீட்டில் காகிதக் குழாய் உருட்டுகிறாள். பசை காய்ந்த விரலோடு அவள் கிட்டார் பையைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டுவிட்டுத்தான் கேட்டாள், பாண்டி போனை உள்ளே கொண்டுபோனானா என்று. இல்லை, எனக்கு முன்னால்தான் பெட்டியில் போட்டான் என்று முத்துக்கருப்பன் சொன்னான். வேறு எதையும் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அழகுராஜா வாசலுக்குக் கார் கொண்டுவந்தபோதே அவளுக்கு ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, அவன் உயிரோடு வந்தால் போதும் என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துச் சங்கிலிமுத்து வந்தார். செத்துப்போன வள்ளித்தாயின் புருஷன். ஆடு மேய்க்கிறவர், முத்துக்கருப்பனைவிடப் பத்து வயது மூத்தவர். பாண்டி சிறுவனாக இருக்கும்போது அவரோடு காட்டுக்குப் போய், ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தவன். உள்ளே வரச்சொன்னதற்கு வரவில்லை. வாசலில் கிடந்த சிமெண்டுக் கல்லில் உட்கார்ந்தார். ஆட்டுக்குக் குழை ஒடிக்கக் கையில் வைத்திருந்த தொரட்டியைத் தரையில் கிடத்தினார்.

"முத்து, ஒன்னு கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன். அந்தப் பய போனுனாலதான் வெடிச்சுச்சுன்னு ஊரே சொல்லுது. நெசமா?"

முத்துக்கருப்பன் அவர் காலருகே கிடந்த தொரட்டியைப் பார்த்தான்.

"நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல. ஆட்ட ஓட்டிட்டுப் போனா வளியெல்லாம் அதே நெனப்பு. நெசம்னா அவன் மூஞ்சியில நான் முளிக்க மாட்டேன். அவன் இந்தத் தெருவுக்கு வந்தா, கைய ஓங்கிருவேனோன்னு எனக்கே பயமா இருக்கு. நீ அங்கன இருந்தவன். நீ சொன்னா சரி."

 விசாரணை முடியட்டும் அண்ணே என்றான் முத்துக்கருப்பன். அது தனக்கே கேட்காத குரலில் வந்தது.  சங்கிலிமுத்து தலையை ஆட்டிக்கொண்டு, தொரட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நடை மாறியிருந்தது.

உள்ளே குழாய் உருட்டுகிற சத்தம் நின்றிருந்தது. பானுப்பிரியா நிலைப்படிக்கு வந்தாள்.

"இல்லன்னு சொல்லாம நின்னீகளே, அது ஆமான்னு சொன்னதுக்குச் சமந்தான்."

அவன் சங்கிலிமுத்து உட்கார்ந்திருந்த கல்லில் போய் உட்கார்ந்தான்.

"உசுரோட வந்தாப் போதும்னு நானுந்தான் சொன்னேன். வந்து எங்கன இருப்பான்? இந்தத் தெருவுலதான இருக்கணும். மூணு பேரக் கொன்னவன்னு பேரு வாங்கிட்டு இங்கன எப்படி இருப்பான்?" அவள் குரல் உயரவில்லை. "நீகளும் நானும் தெனம் அவனுக்குச் சோறு போட்டுக்கிட்டு, அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணுமே. அத யோசிச்சீகளா?"

"சொன்னா ஆஸ்பத்திரி?"

"தெரியல" என்றாள். "எனக்கும் அதுதான் தெரியல."

விசாரணை சாத்தூரில் நடந்தது. வராந்தாவில் மின்விசிறி இல்லை. வாச்மேன், லாரிக்காரர், கம்பெனிக் கணக்குப்பிள்ளை எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அழகுராஜா வேப்பமரத்தடியில் காரில் இருந்தார். முத்துக்கருப்பனைக் கூப்பிட்டபோது அவர் கையை லேசாகத் தூக்கினார். ஒத்திகையில் பாட்டு தொடங்குமுன் அவர் தூக்குவது போலவே இருந்தது.

அதிகாரி ஒரு நடுவயது அம்மாள். காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தார். பெயர், ஊர், வேலை என்று கேட்டுவிட்டு, பாண்டி என்பவர் செல்போன் வைத்திருந்ததைப் பார்த்தீர்களா என்றார். கேட்கும்போதே அவர் பேனா எழுதத் தயாராக இருந்தது.

"போனு வாச்மேன் பெட்டியில கெடந்துச்சு மேடம். எனக்கு முன்னாலதான் போட்டான்."

பேனா நின்றது. அந்த அம்மாள் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். அப்படியானால் என்ன நடந்தது என்று கேட்டார். என்ன நடந்தது என்று தனக்குத் தெரியாது என்றான் முத்துக்கருப்பன். நான்கு பேர் இருக்க வேண்டிய ரூமில் எட்டுப் பேர் இருந்தார்கள், மருந்து வாளி வைக்க இடமில்லாமல் கால்களுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தேன், அதுதான் தெரியும் என்றான்.  காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்து அவனே காரருகே போனான். சொன்னதைச் சொன்னான். அழகுராஜா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவக் கூட்டிட்டுப் போயிருவாகலே" என்றார்.  காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை முத்துக்கருப்பன் கிட்டாரையும் பெடல்களையும் ஒத்திகை நடக்கிற குடோனுக்குக் கொண்டுபோனான். மதுரையிலிருந்து வந்ததிலிருந்து அதைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. அழகுராஜா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அங்கன வச்சிட்டுப் போ என்றார், திரும்பாமல். முத்துக்கருப்பன் சுவரோரம் சாய்த்து வைத்தான். சரிந்துவிடுமோ என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

பெத்தணனைக் கோவில்பட்டியில் ஓர் உறவினர் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். நெஞ்சுவலி என்று சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிறகு ஜாமீனில் வந்தார். கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். வேலை போனவர்கள் முத்துக்கருப்பனைத்தான் ஏசினார்கள். வேறு கம்பெனி எதிலும் அவனை எடுக்கவில்லை. கேட்டில் பெயரைக் கேட்டதுமே ஆள் வேண்டாம் என்றார்கள். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலைக்குப் போனான். முள் குத்திக் குத்தி விரல்கள் கறுத்தன. அந்த வருடக் கோயில் பொங்கல் கச்சேரியில் அழகுராஜா இடதுகையால் கீபோர்டிலேயே பேஸ் வாசித்துச் சமாளித்தார். ஸ்பீக்கர் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. முத்துக்கருப்பன் வாசலை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். யாரும் எந்தக் குறையும் சொன்னதாகத் தெரியவில்லை.

அழகுராஜா பணம் கட்டுவதை நிறுத்தியதும் பாண்டியை மறுபடியும் தர்மாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே அவன் சாகவில்லை. நல்ல டாக்டர் ஒருவர் இருந்தார். ஆனால் காயத்தில் ஒருமுறை சீழ் பிடித்து, இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் உள்ளே மடங்கி நின்றுவிட்டன. பானுப்பிரியாதான் அங்கே தங்கிப் பார்த்துக்கொண்டாள். முத்துக்கருப்பன் போகும்போதெல்லாம் பாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரே ஒரு முறை, என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா மச்சான் என்றான். அதற்குப்பிறகு பேச்சே இல்லை.

ஆனி மாதத்தில் அவனை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது தெருவே வெளியே நின்று பார்த்தது. ஆட்டோவிலிருந்து கையை ஊன்றி இறங்க அவனால் முடியவில்லை. முத்துக்கருப்பன் போகுமுன் சங்கிலிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பாண்டியின் அக்குளில் கை கொடுத்து, ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கினார். வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பாயில் உட்கார வைத்துவிட்டுப் போனார். பாண்டி அப்போதுதான் வாய்விட்டு அழுதான். ஆனால் மச்சானோடு பேசவில்லை.

ஆடி முடிந்து, தீபாவளி ஆர்டர்கள் வரத் தொடங்கின. அதே காட்டில், அதே ஷெட்டுகளில், வேறு பெயர்ப் பலகையோடு கம்பெனி திறந்தது. முத்துக்கருப்பனுக்கு இடமில்லை. பானுப்பிரியா வரலாம் என்று ஆள் சொல்லிவிட்டார்கள். கரிமூட்ட வேலையும் மழை வந்தால் நின்றுவிடும்.  மறுநாள் காலை அவள் தூக்குச்சட்டியில் கம்பஞ்சோறும் மோரும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வேன் வந்து ஹாரன் அடித்தது.

"எந்த ரூமுன்னு கேட்டுக்கோ" என்றான் முத்துக்கருப்பன். "எத்தன பேருன்னு பாரு. நாலு பேருக்கு மேல இருந்தா எந்திரிச்சு வந்துரு."

"வந்துட்டு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. வேனில் ஏறி, மற்றப் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது தெருமுனை திரும்புகிறவரை முத்துக்கருப்பன் வாசலில் நின்றான்.

உள்ளே பாண்டி விழித்திருந்தான். வேன் சத்தத்தை அவனும் கேட்டிருந்தான். விரல்களைத் தினமும் பிடித்து நீட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றவையும் மடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதுவரை அதை அக்காதான் செய்தாள். முத்துக்கருப்பன் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு பாயருகே உட்கார்ந்தான். பாண்டி சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் படுத்திருந்தான். பிறகு புரண்டு, இடது கையைக் கொண்டுவந்து மச்சானின் மடியில் வைத்தான்.

முத்துக்கருப்பன் மோதிர விரலை அடியில் பிடித்து, நுனியை மெள்ள மேலே தூக்கினான். தழும்பு இழுத்துக்கொண்டு விறைத்து நின்றது. பாண்டி பல்லைக் கடித்தான்.

"வலிக்குதாடா?"

"ம்."

அவன் கொஞ்சம் தளர்த்தினான்.

"விட்றாதீக மச்சான்" என்றான் பாண்டி. "அக்கா வர்ற வரைக்கும் பிடிங்க."